என் மச்சினி எண்ணிய பிழைகள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அதை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. பதினாலு வயதில் கடப்பாரை பிடித்தேன்; நாற்பது வயதில் எனக்குக் கீழே நூற்றுப்பத்துப் பேர் கடப்பாரை பிடித்தார்கள். இந்த நகரத்தில் எந்தத் தெருவை வேண்டுமானாலும் காட்டுங்கள், அதன் அடியில் எத்தனை அடி ஆழத்தில் எந்தக் குழாய் போகிறது, எந்தக் கேபிள் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பாதித் தெருவை நான் தோண்டினேன். மீதியைத் தோண்டியவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டுதான் தோண்டினார்கள். பட்டம் படித்த பொறியாளர்கள் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஐயா, நீங்களே ஒரு நடை வந்து காட்டிடுங்க" என்று என் வாசலில் நின்றிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட என்னை வாயடைக்க வைத்த ஆள் ஒருத்திதான். என் மனைவியின் தங்கை. என் வீட்டு மாடி அறையில் முப்பது வருடமாக இருக்கிறாள். ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. மூக்குக்கண்ணாடியை ஒரு கறுப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலுக்கு வெளியே ஆணியடித்து மாட்டிய ஒரு வெப்பமானி. அவ்வளவுதான் சொத்து.

அவள் வேலை பார்க்கிற தொலைபேசி நிலையத்தில் அவளுக்குக் 'கூட்டலக்கா' என்று பெயர். காய்கறி வாங்கினாலும் சரி, பேருந்து நேரம் கேட்டாலும் சரி, நாலு எண் காதில் விழுந்தால் உடனே மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிடுவாள். இருபத்தாறு வயதில் அவளுக்குச் சம்பந்தம் பேச ஒரு குடும்பம் வந்தது. பையனுக்கு இன்ன வயது, இத்தனை வருடம் வேலை பார்த்தாயிற்று, கல்லூரியில் இத்தனை வருடம் என்று பெருமையாக அடுக்கினார்கள். இவள் காபித் தட்டோடு நின்றுகொண்டே, "கூட்டல் இடிக்குதே. பதினொரு வயசுலயா காலேஜ்ல சேர்ந்தாரு?" என்று கேட்டுவிட்டாள். வந்தவர்கள் காபியைத் தொடாமல் எழுந்தார்கள். ஆறிப்போன ஆறு காபியையும் நானும் என் மாமனாருமாகக் குடித்தோம்.

"உன் வாயை வெச்சுக்கிட்டு நீ சும்மா இருக்கக் கூடாதாடி?" என்று என் மனைவி அழுதாள்.

"நான் என்ன அக்கா பண்ணினேன்? வயசை அவங்க குறைச்சாங்க. நான் எங்க குறைச்சாங்கன்னு கண்டுபிடிச்சேன்."

அதோடு சம்பந்தப் பேச்சு முடிந்தது. அதற்காக அவள் வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை.

இந்தக் கூட்டல் பைத்தியம் அவளுக்கு எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். பத்தொன்பது வயதில் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். தலையில் காதுக்கருவி, முன்னால் துளைத் துளையாக ஒரு பலகை, கையில் செருகுகிற வயர்கள். தினமும் காலையில் மேட்டுப் பக்கத்து நிலையத்திலிருந்து ஒரு பட்டியல் வரும். ஆற்றில் ஐந்து இடங்களில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று, இடத்துக்கு, முந்தைய நாளிலிருந்து ஆறு மணிக்கு ஒரு தடவை எடுத்த நான்கு அளவு. ஆக இருபது எண்கள். இவள் அதைக் காதால் கேட்டு எழுதி, மதகுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து லைன் எப்படி? எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி இரையும். சொல்லி முடித்தால் முடித்தது, லைன் அறுந்தால் மறுபடி கிடைக்க மதியம் ஆகும். சரியாகக் கேட்டதா என்று திரும்பக் கேட்க வழியில்லை.

அந்தப் பக்கத்து ஆபரேட்டர் வயதானவர். இவள் அவரிடம் ஓர் ஏற்பாடு சொன்னாள். "அண்ணே, இருபதையும் கட்டம் போட்டு எழுதிக்குங்க. குறுக்கே ஒவ்வொரு வரியையும் கூட்டிச் சொல்லுங்க. அப்புறம் மேலேருந்து கீழே ஒவ்வொரு வரிசையையும் கூட்டிச் சொல்லுங்க."

"இருபது சொல்லவே தொண்டை கட்டுது. இதுல இன்னும் ஒன்பதா? உனக்கு வேற வேலை இல்லையா தங்கச்சி?"

"ஒன்பது கூடச் சொன்னா இருபதும் ஒழுங்கா வந்து சேரும் அண்ணே."

ஒரு மழைக்கால காலையில் மூன்றாவது இடத்து மூன்றாவது அளவு இருபத்தேழு அடி என்று இவள் காதில் விழுந்தது. இருபத்தேழு என்றால் ஆற்றங்கரை வீடுகளைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். அவ்வளவு தண்ணீர். லைன் அறுந்துவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரி, "சீக்கிரம் சொல்லிடு, நமக்கு எதுக்கு வம்பு" என்று விரட்டுகிறாள். இவள் கூட்டினாள். அந்த வரி பதினான்கு, பதினேழு, இருபத்தேழு, இருபத்து மூன்று. மொத்தம் எண்பத்தொன்று வந்தது. அவர் சொன்ன கூட்டல் எழுபத்தைந்து. ஆறு அதிகம். மேலிருந்து கீழே கூட்டினால் மூன்றாவது வரிசையிலும் அதே ஆறு அதிகம். வேறு எல்லா வரியும் எல்லா வரிசையும் சரி. அந்த வரியும் அந்த வரிசையும் குறுக்கே வெட்டுகிற கட்டம் எது? அந்த இருபத்தேழுதான். ஆறைக் கழித்தாள். இருபத்தொன்று என்று மதகுக்காரர்களுக்குச் சொன்னாள். மதியம் லைன் கிடைத்தபோது கேட்டார்கள். இருபத்தொன்றேதான்.

தப்பு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது ஒரு திறமை. தப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாரையும் கேட்காமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வதை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. நான் அப்போது ஆறு அடிக் குழியிலிருந்து ஏறி வந்து மண் கையோடு இந்தக் கதையைக் கேட்டேன். கேட்டதும் கை கழுவ மறந்து நின்றது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

பிறகு காலம் மாறியது. செம்புக் கம்பி போய் வெளிச்சம் வந்தது. தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை. அதற்குள் வெளிச்சம் அணைந்து எரிந்து செய்தி சொல்கிறது. ஆற்றைத் தாண்டிப் போகிற அறுபத்திரண்டு கிலோமீட்டர் கேபிளைப் போட்டது சாட்சாத் நான்தான். ஆற்றுக்கு மேலே இரும்புப் பாலத்தோரம் அது போகிற அழகைப் பார்க்க வேண்டும். அளவுகோல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி இருக்கும். அந்த வேலை முடிந்த பிறகுதான் என் அலுவலகப் பலகையில் 'பிழையே இல்லாத கேபிள் வேலை' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன்.

புதுக் கருவிகளைப் பற்றிப் பாடம் நடத்தத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். ஒவ்வொரு கட்டுச் செய்திக்கும் பின்னால் நூறுக்கு ஏழு வீதம் உபரி எண்களைச் சேர்த்து அனுப்புகிறார்கள், வழியில் எது கெட்டாலும் அந்த உபரியை வைத்து அந்தப் பக்கத்துக் கருவி தானே திருத்திக்கொள்ளும் என்று அவர் விளக்கினாராம். பின்வரிசையிலிருந்து என் மச்சினி கை தூக்கினாள்.

"சார், வரிக்கூட்டலும் வரிசைக்கூட்டலும் மாதிரியா?"

அவர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கு இது யாரும்மா சொன்னது?" என்று கேட்டிருக்கிறார். இவள் ஆற்றுத் தண்ணீர்க் கதையைச் சொன்னாள். "இது அதைவிடப் பல மடங்கு நுணுக்கம்மா. ஆனா வேர் அதேதான்" என்றாராம் அவர். போகிற போக்கில் இவளைக் கீழ்த்தளத்திலிருந்து இரண்டாம் மாடிக்கு, கருவிகளைக் கவனிக்கிற நாற்காலிக்கு மாற்றச் சொல்லிவிட்டும் போனார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்த சில நாளில் ஒரு சாயங்காலம் சாப்பிடும்போது ஆரம்பித்தாள்.

"அத்தான், உங்க கேபிள்ல எத்தனை தப்பு வருது தெரியுமா?"

"என் கேபிள்லயா? பூஜ்யம். போர்டுல எழுதியிருக்கே, கண்ணாடி போட்டுப் பார்க்கலையா நீ?"

"ஒரு கோடி."

எனக்குப் புரை ஏறிவிட்டது. "ஒரு வருஷத்துக்கா?"

"ஒரு விநாடிக்கு."

"ஏண்டி, சாப்பிடற மனுஷன்கிட்ட பேசற பேச்சா இது? அவருக்கு ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு" என்று என் மனைவி என் தலையைத் தட்டினாள்.

"அக்கா, ஒரு கோடி நல்ல நம்பர். ஒரு விநாடிக்குப் பத்தாயிரம் கோடி தடவை வெளிச்சம் மாறுது. அதுல ஒரு கோடிதான் கெடுது. அத்தான் நல்லாத்தான் போட்டிருக்காரு."

பாராட்டா திட்டா என்று தெரியாமல் நான் தண்ணீர் குடித்தேன். மறுநாளே அவளுடைய இரண்டாம் மாடிக்குப் போய்விட்டேன். என் வேலையைப் பற்றி ஒருத்தி ஒன்று சொன்னால் அதைக் கண்ணால் பார்க்காமல் விடுகிற ஆளா நான்?

குளிர்ந்த அறை. பீரோ உயரத்துக்கு இரும்புப் பெட்டிகள் வரிசையாக நின்றன. உள்ளே விசிறிகள் தேன்கூடு மாதிரி ரீங்காரம் போட்டன. அவள் மேசைத் திரையில் இரண்டே எண்களைக் காட்டினாள். மேலே 'திருத்துவதற்கு முன்'. அது விநாடிக்கு விநாடி துடித்துக்கொண்டிருந்தது. ஒரு கோடியே மூன்று லட்சம், தொண்ணூற்றெட்டு லட்சம், ஒரு கோடியே ஒரு லட்சம். கீழே 'திருத்திய பின்'. அங்கே ஒரு பூஜ்யம். அது அசையவில்லை.

கால் மணி நேரம் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தாய் மகனோடு பேசிக்கொண்டிருப்பாள். அவள் வார்த்தை ஒவ்வொன்றிலும் ஓட்டை விழுகிறது. மகன் காதைத் தொடுவதற்குள் எல்லா ஓட்டையும் அடைபடுகிறது. அடைபட்டது அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இப்படி நான் ஒரு மூச்சு விடுவதற்குள் சில கோடி! மலையைக் குடைந்து நான் குழாய் போட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சின்ன பூஜ்யத்தின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கலாமா என்று தோன்றியது.

"இது எதுவரைக்கும் தாங்கும்?" என்று கேட்டேன்.

"நாற்பது கோடி வரைக்கும்."

"அதுக்கு மேல போனா? குரல் கொஞ்சம் கரகரங்குமா?"

"கரகரப்பெல்லாம் கிடையாது அத்தான். அதுவரைக்கும் கீழே பூஜ்யம். அதைத் தாண்டினா திருத்தற கணக்கே தடுமாறிடும். மொத்தமா போயிடும். சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்கற ஆள் அப்படியே சாயற மாதிரி."

நிலைய மேலாளர் கீழ் எண்ணை மட்டும்தான் பார்ப்பார். எச்சரிக்கை மணியையும் அதில்தான் கட்டி வைத்திருந்தார். அதனால் ஊழியர்கள் அவருக்குப் 'பூஜ்யம் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கெட்ட மனிதர் இல்லை. மணி அடிக்கவில்லை என்றால் எல்லாம் சரி என்று நம்புகிற மனிதர்.

அந்தக் கோடை வந்தது. மச்சினி தினமும் மேல் எண்ணை மணிக்கு மணி ஒரு கட்டத்தாளில் புள்ளி வைத்து வந்தாள். மதியம் ஏறுகிறது, மூன்று மணிக்கு உச்சிக்குப் போகிறது, ஆறு மணிக்குள் இறங்கிவிடுகிறது. முதல் வாரம் உச்சி ஏழு கோடி. அடுத்த வாரம் பதினைந்து. அதற்கடுத்த வாரம் இருபத்து மூன்று. நடுவில் ஒரு நாள் வானம் மூடியிருந்தது; அன்றைக்கு மட்டும் ஏறவே இல்லை. மாடி ஜன்னல் வெப்பமானி எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அறுபத்திரண்டு கிலோமீட்டரில் கேபிள் மண்ணுக்கு மேலே வெயில் காய்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். பாலம்.

அவள் புகார் எழுதிக் கொடுத்தாள். மேலாளர் எனக்குச் சொன்னார், நான் என் மேஸ்திரியை அனுப்பினேன். ஆட்கள் போய்ப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்றார்கள். இரண்டாவது முறையும் எழுதினாள். மறுபடியும் போனார்கள், மறுபடியும் எல்லாம் சரி. இங்கேதான் எங்கள் தொழிலின் பழக்கம் எங்களைக் குப்புறத் தள்ளியது. கோடையில் வெளி வேலையை விடியலில் தொடங்கிப் பதினோரு மணிக்குள் முடித்துவிடுவோம். இரும்புப் பாலத்தில் மூன்று மணி வெயிலில் எவன் ஏறுவான்? இரண்டு தடவையும் காலை எட்டு மணிக்குப் போய், குளிர்ந்த பாலத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். நோய் மூன்று மணிக்கு வருகிறது, வைத்தியர் எட்டு மணிக்கு நாடி பிடிக்கிறார்.

புதன்கிழமை மேலாளர் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மச்சினியின் மூன்றாவது புகார் மேசையில் இருந்தது. ஒரு மதியம் ஒரு மணி நேரம் லைனை நிறுத்திப் பாலத்து முனையைச் சோதிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

"மேடம், பூஜ்யம் காட்டற லைனை நான் எப்படி நிறுத்தறது? அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இருக்கு, தீயணைப்பு நிலையம் இருக்கு. நிறுத்திட்டு ஒண்ணும் இல்லேன்னா என் தலை உருளும்."

"நேத்து முப்பது கோடி சார். நாளைக்கு இந்தக் கோடையிலேயே பெரிய வெயில்னு சொல்றாங்க. நாற்பதைத் தொட்டா நாம நிறுத்த வேண்டாம், அதுவே நிக்கும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஐயா, போட்டவர் நீங்க. நீங்களே சொல்லுங்க. பாலத்துல வேலை சரியா இருக்கா?"

அவளும் என்னைப் பார்த்தாள். இனி சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு நா கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

பாலத்து முனையில் சைக்கிள் சக்கரம் அளவுக்கு ஒரு வளையம் விட்டுக் கேபிளைத் தொங்கவிடுவது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். இரும்பு வெயிலில் நீளும், குளிரில் குறுகும். அந்த அசைவை வளையம் வாங்கிக்கொள்ளும். என் ஆட்கள் ஒழுங்காக விட்டிருந்தார்கள். அதிகாரிகள் பார்வையிட வந்த அன்றைக்குக் காலையில் நான் போய்ப் பார்த்தேன். அத்தனை நேர்த்தியான வேலையில் அந்த வளையம் மட்டும் சட்டை பாதி வெளியே தொங்குகிற மாதிரி இருந்தது. "இருக்கட்டும் முதலாளி" என்று மேஸ்திரி சொன்னான். "அசிங்கமா இருக்குடா" என்று சொல்லி, மிச்சத்தை மேன்ஹோலுக்குள் இழுத்துவிட்டு, ஒரு கை நீளத்துக்குள் பாலத்தில் ஒன்று, கரையில் ஒன்று என இரண்டு கிளாம்பு போட்டு என் கையாலேயே முடுக்கினேன். அதிகாரிகள் பாராட்டினார்கள். நான் மறந்தும் போனேன். அந்த அறையில் அவள் பார்த்த பார்வையில்தான் அது நினைவு வந்தது.

"கோடு போட்ட மாதிரி இருக்கு சார்" என்றேன்.

மேலாளர் புகாரை மடித்தார். "கேட்டீங்களா மேடம்? நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம். லைன் போகலேன்னா, திங்கட்கிழமையிலேருந்து கீழே கவுண்டர்ல உக்காருங்க. விண்ணப்பம் வாங்கற இடத்துல உங்க கூட்டல் உபயோகப்படும்."

வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே மாடியேறி வெப்பமானியைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை. ஒன்றரை மணிக்கு அவளிடமிருந்து போன். "அத்தான், முப்பத்திரண்டு. இன்னும் ஏறும்."

"ஏறட்டுமே. லைன் போனா உன் பேச்சுதானே ஜெயிக்கும்? நாற்காலியும் உனக்குத்தான்."

"ஆஸ்பத்திரிப் பேச்செல்லாம் அதுலதான் போகுது அத்தான். நான் ஜெயிக்கறதுக்கு அதை அறுக்கணுமா?" பிறகு குரலைத் தணித்தாள். "நீங்க போட்ட கேபிள். உங்க கைக்குத் தெரியும்."

பொய் சொன்னாயா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கேட்காததால் மேஸ்திரியை ஏற்றிக்கொண்டு பாலத்துக்குப் போனேன்.

இரும்பு தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. பாலத்துக்கும் கரைச் சுவருக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. காலையில் அதில் என் உள்ளங்கை நுழையும். இப்போது ஒரு விரல்தான் நுழைந்தது. அத்தனை நீளமான இரும்பு வெயிலில் நீண்டு கரையை நோக்கி வந்திருந்தது. நடுவில் என் கேபிள். காலையில் கோடாக இருக்கும் கேபிள், என் இரண்டு கிளாம்புக்கும் நடுவே முழங்கை மாதிரி மடங்கிக் கிடந்தது. அந்த மடிப்பில் வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒருத்திக்கு மட்டும் அது தெரிந்திருந்தது.

மேஸ்திரி என் காதில் போனை வைத்துப் பிடித்தான். நான் ஒன்றும் சொல்லாமல் மடிப்பின் மேல் இரண்டு விரலை வைத்தேன். வைத்தேன், அவ்வளவுதான்.

"அத்தான், இப்போ எதையோ தொட்டீங்க" என்றாள். "முப்பத்தாறு."

எத்தனை தெரு, எத்தனை சுவர், எத்தனை மண் தாண்டி அவள் உட்கார்ந்திருக்கிறாள்! என் விரல் பட்டது அவளுக்குத் தெரிகிறது. கையை எடுத்தேன்.

"எடுத்துட்டீங்க. முப்பத்தைந்து."

"பாலத்துப் பக்கத்துக் கிளாம்பைத் தளர்த்தப் போறேன்."

"மெதுவா. நான் சொல்லிக்கிட்டே வரேன்."

திருகை அரைச் சுற்று விட்டேன். இரும்போடு சேர்ந்து கேபிள் இன்னும் முன்னால் நகர்ந்து மடிப்பு கூர்மையானது.

"முப்பத்தொன்பது! நிறுத்துங்க அத்தான், மூச்சு விடாதீங்க!"

நிறுத்தினேன். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை. இன்னும் ஒரு கோடிதான் மிச்சம். என் கை ஒரு நூல் அசைந்தால் அந்தப் பக்கம் மொத்தமும் ஊமை. திருகை மறுபடி முடுக்கினேன். "முப்பத்தைந்து" என்று வந்தது. நாற்பத்தைந்து வருடம் மண்ணையும் இரும்பையும் மிரட்டி வேலை வாங்கிய கை, அன்றைக்கு ஒரு பெண் குரலைக் கேட்டுக் கேட்டு நகர்ந்தது.

"கரைப் பக்கத்தை விடறேன்."

"விடுங்க."

கால் சுற்று. "முப்பத்து மூணு." இன்னொரு கால் சுற்று. "இருபத்தெட்டு." கேபிள் கிளாம்புக்குள் வழுக்கி மெல்ல நிமிர்ந்தது. மேஸ்திரி போனை என் தோளில் இடுக்கிவிட்டு மேன்ஹோலிலிருந்து மிச்சத்தை ஒவ்வொரு சாணாக மேலே கொடுத்தான். நான் வாங்கி வளைத்தேன். "பத்தொன்பது. பன்னிரண்டு. ஆறு." சைக்கிள் சக்கரம் அளவுக்கு வளையம் வந்து தொங்கியது. "இரண்டு." பிறகு வங்கிக்காரர் மாதிரி நிதானமாக, "ஒரு கோடியே பத்து லட்சம். கீழே பூஜ்யம். ஒரு தடவைகூட அசையலை அத்தான்."

பாலத்தில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்ப்பார்கள்? ஒன்றும் நடக்கவில்லையே!

நிழலில் உட்கார்ந்தோம். மேஸ்திரி மெல்ல ஆரம்பித்தான். "முதலாளி, லைன் போகலை. யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்."

அவன் சொன்னது சரிதான். அதுதான் தொல்லை. லைன் போகவில்லை என்றால் அவள் சொன்னது பொய் என்று ஆகும். திங்கட்கிழமை அவள் கவுண்டரில் விண்ணப்பம் வாங்குவாள். என் பெயர் பலகையில் மின்னும். அவள் என் பெயரையும் காப்பாற்றிவிட்டு, அதற்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, மாடியேறிப் போய்ப் படுத்துக்கொள்வாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். வரிக்கூட்டலும் வரிசைக்கூட்டலும் ஒரே இடத்தில் வந்து முட்டின. தப்பு இருக்கிற கட்டம் நான்.

துருக்கறை பிடித்த சட்டையோடு மேலாளர் அறைக்குள் நுழைந்தேன். கழற்றிய கிளாம்பை அவர் மேசையில் வைத்தேன்.

"சார், உங்க புகார்ப் புத்தகத்தைக் கொடுங்க."

"எதுக்கு ஐயா? லைன் போகலையே?"

"போகலை. ஏன் போகலைன்னு எழுதணும்."

எழுதிப் பழக்கமில்லாத கை. ஒவ்வொரு எழுத்தையும் குழி தோண்டுகிற மாதிரி எழுதினேன். 'பாலத்து முனையில் வளையத்தை எடுத்துவிட்டு இழுத்துக் கட்டியது நான். நேற்று சரியாக இருக்கிறது என்று பொய் சொன்னதும் நான். கூட்டலக்கா சொன்னது முழுக்க உண்மை.' கீழே கையெழுத்துப் போட்டேன். மேலாளர் இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து இரண்டாம் மாடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அவள் மேசையில் கட்டத்தாள் விரிந்திருந்தது. மூன்று வாரமாக ஏறி ஏறி வந்த புள்ளிகள் அன்றைக்கு மூன்று மணிக்குச் சற்று முன்னால் கிணற்றுக்குள் கல் விழுந்த மாதிரி நேராகக் கீழே இறங்கியிருந்தன. மேலாளர் அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"மேடம், மணியை மேல் நம்பர்ல கட்டிடலாமா?" என்றார். "எத்தனைல அடிக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

"பத்து கோடியில வையுங்க சார். அப்போதான் நமக்கு நடக்க நேரம் இருக்கும்."

திங்கட்கிழமை அவள் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டில் நான் புத்தகத்தில் எழுதியதை வரி பிசகாமல் சொன்னேன். என் மனைவி என்னைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "இந்த மனுஷன் எழுதிக் கொடுத்தாரா? கல்யாணப் பத்திரிகையில பேரு தப்பா அச்சாகி வந்தப்பவே 'அதான் சரி'ன்னு சாதிச்சவரு!"

"நானும் நம்பலை அக்கா" என்றாள் மச்சினி. "மூணு தடவை படிச்சேன். எழுத்துல மட்டும்தான் தப்பு இருந்துச்சு."

"எத்தனை?" என்றேன்.

"ஏழு. திருத்திக்கிட்டேன்."

பலகையில் எழுதுகிறவரைக் கூப்பிட்டுப் 'பிழையே இல்லாத' என்பதை அழிக்கச் சொன்னேன். அழித்தார். அந்த இடத்தில் வேறு என்ன எழுதட்டும் என்று தூரிகையோடு நின்றார். ஒன்றும் வேண்டாம், இடம் அப்படியே இருக்கட்டும் என்றேன். இப்போது என் பலகையில் 'கேபிள் வேலை' என்பதற்கு முன்னால் இரண்டு முழம் வெற்றிடம் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் கேட்டால், அது வளையத்துக்கு விட்ட இடம் என்று சொல்கிறேன். தொழில் தெரிந்தவர்கள் தலையாட்டுகிறார்கள். மற்றவர்கள் பெயின்ட் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கோடையில் தினமும் மூன்று மணிக்கு என் போன் அடிக்கும். எங்கே இருந்தாலும், எந்தப் பெரிய மனிதரோடு பேசிக்கொண்டிருந்தாலும் எடுத்துவிடுவேன்.

"ஒரு கோடியே நாலு லட்சம், அத்தான்."

"சரிம்மா" என்பேன். ஒரு விநாடியில் இத்தனை பிழை. ஒன்றுகூட யாருக்கும் போய்ச் சேரவில்லை. போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து, எதிரே இருப்பவர்கள் ஏதோ பெரிய செய்தி வந்திருக்கிறது என்று நினைப்பார்கள். வந்திருக்கத்தான் செய்கிறது.